மொட்டை மாடியில் ஒரு மீன்

எலெக்ட்ரானிக் சிட்டி, பெங்களூரு
7 ஏப்ரல் 2025

அன்புள்ள உங்களுக்கு,

கடலும் இல்லாத, மீன் கடையும் இல்லாத இடத்தில், எங்கள் தொழிற்சாலையின் மொட்டை மாடியில், விரல் நீளத்தில் ஒரு பச்சை மீன் எப்படி வந்து கிடக்கும்? எனக்குத் தெரியவில்லை. ‘தெரியவில்லை’ என்று எழுதுவதற்காக எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மருந்துத் தொழிற்சாலையில் எது இடம் மாறிக் கிடந்தாலும், ஏன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியது தரப்பிரிவு. அதாவது நான்.

மாத்திரை அறைக்குக் காற்று இழுக்கும் பெட்டி மாடியில்தான் இருக்கிறது. அதன் பக்கத்தில் சனிக்கிழமை அந்த மீனைப் பார்த்தவர் குணசேகர், எங்கள் பராமரிப்பு மேற்பார்வையாளர். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருபவர். ஒரு காகிதத்தில் வைத்து என் மேஜைக்குக் கொண்டுவந்தார். நான் வாய் திறப்பதற்குள், “சத்தியமா நம்ம டிபன் பாக்ஸுலருந்து வுழுந்தது இல்ல மேடம்” என்றார். அன்றைக்கு அவர் டப்பாவில் மீன் வறுவல் இருந்தது உண்மை. கேன்டீனில் எல்லாரும் அவரைப் படாதபாடு படுத்திவிட்டார்கள். ஆனால் வறுத்த மீன் இப்படிக் கண்ணைத் திறந்துகொண்டு பளபளவென்று கிடக்குமா?

இன்று மறுபடியும் ஒரு மீன், அதே இடத்தில். தலைக்குப் பின்னால் கிள்ளியது போல ஒரு தடம் தவிர வேறு காயமில்லை. ஆலை மேலாளர் சுதீர், “காகம்னு எழுதி முடிச்சுடுங்க மேடம்” என்கிறார். முழு மீனைக் கொத்தாமல் விட்டுப் போகும் காகத்தை நான் பார்த்ததில்லை. அதனால் முடிக்கவில்லை.

மீனுக்கும் பறவைக்கும் நடுவே இருப்பவர் நீங்கள். ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். போன் வேண்டாம். கேஸ், கரண்ட் பில், அனுஷாவின் காய்ச்சல் ஆகியவற்றுக்கு மட்டும் போன், மற்றதெல்லாம் தபாலில் என்று நாம் வைத்துக்கொண்ட ஏற்பாடுதான் இத்தனை வருஷம் நம்மைச் சண்டையில்லாமல் வைத்திருக்கிறது. தபாலாபீஸை நாம் இரண்டு பேர்தான் திறந்து வைத்திருக்கிறோம் என்று நம் பெண் அனுஷா புனேயிலிருந்து கேலி செய்கிறாள். செய்யட்டும்.

போன கடிதத்தில் நீங்கள் கேட்டதற்கு, அதாவது உப்பளத்தில் இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், இருப்பதா பெங்களூருக்கே வந்துவிடுவதா என்பதற்கு, பிறகு பதில் எழுதுகிறேன். முதலில் மீனுக்குக் காரணம் கிடைக்கட்டும்.

வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதீர்கள்.

வேதநாயகி


தூத்துக்குடி
11 ஏப்ரல் 2025

அன்பு வேதாவுக்கு,

உன் மீனைப் படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அளவு விரல் நீளம், தலைக்குப் பின்னால் ஒரே ஒரு கிள்ளு, மற்றபடி முழு மீன். இது இங்கே சித்திரை பிறக்கும் சமயத்தில் எங்கள் உப்பள வரப்புகளில் கிடக்கும் மீன். போட்டுவிட்டுப் போவது சின்ன ஆலா.

இப்போது நீ புருவத்தைத் தூக்குவது தெரிகிறது. கொஞ்சம் பொறு.

ஆலாக்களிலேயே சின்னது அது. உடம்பு மைனா அளவுதான். இறக்கை மட்டும் யாரிடமோ இரவல் வாங்கியது போல நீளம். பெண் தேடும் நாட்களில் ஆண் பறவை மீனைப் பிடித்து, தின்னாமல், அலகில் குறுக்கே வைத்துக்கொண்டு ஊரெல்லாம் கத்திக்கொண்டு பறக்கும். பிறகு ஒரு பெண் பறவைக்கு முன்னால் இறங்கி, கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். அவள் வாங்கிக்கொண்டால் சம்பந்தம் முடிந்தது. வாங்காவிட்டால் மீன் தரையில். உன் மாடியில் ஏற்கனவே இரண்டு மீன் விழுந்திருக்கிறது என்றால், பெண் கொஞ்சம் தரம் பார்க்கிறவள். எந்தப் பிரிவில் வேலையோ.

ஆனால் நானும் முழுதாக நம்பவில்லை. கடலோரத்துப் பறவை அது. ஆற்று மணலிலும் ஏரித் திட்டிலும் அங்கங்கே முட்டையிடும் என்று கேள்வி. தொழிற்சாலை மாடியில் என்று நான் கேட்டதே இல்லை. உங்கள் மாடியில் என்ன பரப்பியிருக்கிறார்கள்? சிமென்டா, ஓடா? பறவையைப் பார்த்தால் மூன்று விஷயம் கவனி: அலகு மஞ்சளா, அதன் நுனி கறுப்பா, தலையில் கறுப்புத் தொப்பி இருந்தும் நெற்றி மட்டும் வெள்ளையா. ஒன்று குறைந்தாலும் அது வேறு ஏதோ.

என் கேள்விக்கு மே முடிவதற்குள் பதில் சொன்னால் போதும். கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் என் மேஜையில் இருக்கிறது. மீனுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறேன், பரவாயில்லை.

உன்
ரங்கநாதன்


எலெக்ட்ரானிக் சிட்டி
20 ஏப்ரல் 2025

அன்புள்ள உங்களுக்கு,

மஞ்சள் அலகு. நுனி கறுப்பு. நெற்றி வெள்ளை. மூன்றும் இருக்கின்றன. மூன்று தடவை பார்த்தேன். வேறு வேறு வெளிச்சத்தில் பார்த்தேன். குணசேகரைத் தனியாக அனுப்பி, நான் பார்த்ததைச் சொல்லாமல், அவர் பார்த்ததைச் சொல்லச் சொன்னேன். அதே மூன்று.

நான் சட்டென்று பரவசப்படுகிற ஆள் இல்லை. ஆனாலும் இதை எழுதி முடிக்காமல் இன்று சாப்பிட உட்காரவில்லை.

மாடியில் தார் ஷீட் மேல் கூழாங்கல் பரப்பியிருக்கிறது, பழைய காலத்து வேலை. போன வாரம் முழுக்க மதியச் சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தேன். தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் ஏரி அங்கிருந்து தெரியும். அதன் மேல் அந்தப் பறவை காற்றிலேயே நிற்கிறது. எதையும் பிடித்துக்கொள்ளாமல், இறக்கையை மட்டும் படபடவென்று அடித்தபடி, தலை கீழே பார்க்க நிற்கிறது. பிறகு திடீரென்று தன்னைக் கைவிட்டது போல விழுகிறது. தண்ணீர் தெறிக்கிறது. எழும்போது அலகில் வெள்ளியாய் ஒன்று துடிக்கிறது. பல தடவை வெறும் அலகோடுதான் எழுகிறது. அது எனக்குப் பிடித்திருந்தது. தோல்வியை மறைக்கவே இல்லை.

கூட்டைத் தேடி நடந்தேன். தலைக்கு மேல் ஒரே கூச்சல். கூடு என்று எதுவும் இல்லை. சரி, இல்லை என்று திரும்பியபோது என் காலுக்கு முன்னால் உள்ளங்கை அளவில் ஒரு குழி. அதில் இருந்த இரண்டு கல் மட்டும் மற்றக் கற்களைவிட ஒழுங்காக இருந்தன. இன்னும் ஓர் அடி வைத்திருந்தால் மிதித்திருப்பேன். ஒரு நார் கிடையாது, குச்சி கிடையாது. முட்டையை ஜல்லியில் போட்டுவிட்டு, அது ஜல்லிதான் என்று உலகம் நம்பும் எனத் துணிந்து இருக்கிறது.

பறவை நேராக முகத்துக்கு இறங்கி, கடைசி நொடியில் விலகுகிறது. குணசேகரின் ஹெல்மெட்டில் குறிபார்த்து எச்சமிட்டுவிட்டது. “இருவது வருஷமா சேஃப்டி ஹெல்மெட் போடுறேன் மேடம். இன்னிக்குத்தான் அது நமக்கு யூஸ் ஆச்சு” என்றார்.

இனி சங்கடமான பகுதி. அந்தக் கூழாங்கல்லை எல்லாம் வாரிவிட்டு அங்கே சூரிய மின்தகடு வைக்கப்போகிறார்கள். ஒப்பந்தக்காரர் மே மாதம் வருகிறார். காற்றுப் பெட்டி அருகே பறவை எச்சம் கூடாது என்று சட்டம் பேச வேண்டியவளும் நான்தான். அந்தப் பெட்டியை நிறுத்தி, அறையை அடுத்த பெட்டியோடு இணைத்துவிட்டு சுதீரிடம் போனேன். அவர் கன்னடத்தில், “ஒந்து ஹக்கிகோஸ்கரானா மேடம்?” என்றார். ஒரு பறவைக்காகவா என்று. பாவம், அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலிருந்து நெருக்குகிறார்கள். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். கூடு காலியாகிவிட்டது என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை வேலை ஆரம்பிக்கும். அதற்கு முன்பு யாரும் மாடிக்குப் போகக் கூடாது.

மதியம் அந்தக் கல்லில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. முட்டை வெந்துவிடாதா? ஒரு குடையைச் செங்கல்லில் கட்டி நிறுத்தலாம் என்று இருக்கிறேன். உடனே எழுதுங்கள்.

வேதநாயகி

பி.கு.: பெண் மீனை வாங்கிக்கொண்டாள் போலிருக்கிறது. இப்போது மாடியில் மீன் கிடப்பதில்லை. உங்கள் ‘எந்தப் பிரிவு’ நகைச்சுவையைப் படித்தேன். பறவையை வைத்து எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.


தூத்துக்குடி
25 ஏப்ரல் 2025

அன்பு வேதாவுக்கு,

குடை வேண்டவே வேண்டாம். குடைக்குப் பயந்து அவை வராமல் போனால்தான் முட்டை வேகும். காகத்துக்கும் நீயே கொடி நட்டு வழி காட்டியது போல ஆகும்.

வெயிலுக்கு அவற்றிடம் வழி இருக்கிறது. தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும். எங்கள் உப்பு வரப்பில் நண்பகலில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. அங்கேயே குஞ்சு பொரிக்கிறது. ஆணும் பெண்ணும் மாற்றி மாற்றி உட்காரும். ஒன்று எழுந்த இடத்தில் மற்றொன்று உட்காரும்போது ஒரு நிமிஷம் இரண்டும் சேர்ந்து நிற்கும், ஆபீஸில் ஷிப்ட் மாறுகிறவர்கள் சாவி கொடுப்பது மாதிரி. பாடம் எடுக்கவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

இங்கே கூடு இருக்கும் வரப்பில் ஆனி முடியும் வரை யாரும் நடப்பதில்லை. உப்புச் சுமக்கும் பெண்கள் அடுத்த வரப்பில் சுற்றிப் போகிறார்கள். கருணை என்று நினைத்துவிடாதே. “அதுட்ட கொத்து வாங்குறதுக்குச் சுத்திப் போறது தேவலை சார்” என்பார்கள். உன் மாடிக்கும் அதுதான் வழி. தள்ளி இரு. நீ ஆலாய்ப் பறக்காதே. அதற்கென்றே அங்கே இரண்டு இருக்கின்றன.

உன் கடிதத்தை இங்கே ஆபீஸில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே. ‘தன்னைக் கைவிட்டது போல விழுகிறது’ என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் இரண்டு தடவை.

நான் ஒருமுறை வந்து பார்க்கட்டுமா? உன்னைத் தொந்தரவு செய்ய அல்ல, பறவையைப் பார்க்க.

உன்
ரங்கநாதன்


எலெக்ட்ரானிக் சிட்டி
11 மே 2025

அன்புள்ள உங்களுக்கு,

பொரிந்துவிட்டது. இரண்டும்.

நேற்று மதியம் தொட்டிக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். பறவை எழுந்து நின்றது, முட்டை ஓட்டில் பாதியை அலகில் கவ்விக்கொண்டு பறந்துபோய் ஏரிப் பக்கம் எங்கோ போட்டுவிட்டு வந்தது. துப்புரவில் எங்கள் ஊழியர்களைவிடக் கவனம். குழியில் மணல் நிறத்தில், கறுப்புப் புள்ளியோடு, பஞ்சு உருண்டை மாதிரி இரண்டு. ஒவ்வொன்றும் என் கட்டை விரலைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கலாம். கண் திறந்தே இருக்கிறது. ஆண் பறவை கொண்டுவந்த மீன், குஞ்சின் நீளத்தில் பாதி. அதை எப்படி விழுங்கப்போகிறது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே விழுங்கிவிட்டது. வால் மட்டும் கொஞ்ச நேரம் வாயில் நீட்டிக்கொண்டிருந்தது.

குணசேகர் கேன்டீனில் எல்லாருக்கும் கேசரி வாங்கிக் கொடுத்தார். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், “மேடம் வூட்ல நல்ல செய்தி” என்று சொல்லிவிட்டார். இரண்டு பேர் வந்து அனுஷாவுக்குக் குழந்தையா என்று விசாரித்தார்கள். அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

நீங்கள் வருவது பற்றி மே கடைசியில் பார்க்கலாம். இப்போது வெயில் அதிகம்.

அனுஷாவுக்குப் படம் அனுப்பினேன். “அம்மா, இதுல கல்லு மட்டும்தானே இருக்கு?” என்று கேட்டாள்.

வேதநாயகி


எலெக்ட்ரானிக் சிட்டி
15 மே 2025

அன்புள்ள உங்களுக்கு,

கூடு காலி.

நேற்று காலை குழியில் எதுவும் இல்லை. முந்தின நாள் தொட்டி மேல் ஒரு காகம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். இறகு இல்லை, ரத்தம் இல்லை, எதுவும் இல்லை. நேற்றும் இன்றும் மாடி முழுக்க வரிசை வரிசையாக நடந்து பார்த்தேன், ஒரு மூலையையும் விடவில்லை. பெரிய பறவைகள் இரண்டும் நான் இருந்த நேரம் முழுக்கத் தலைக்கு மேல் கத்திக்கொண்டே இருந்தன. பறிகொடுத்தவை வேறு என்ன செய்யும்?

நான் வாக்குத் தவறுகிறவள் இல்லை. இன்று மதியம் ‘கூடு காலி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு சுதீரிடம் கொடுத்தேன். அவர் அதைப் படிக்காமலே மடித்து வைத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்த்திருப்பார். ஞாயிறு காலை ஆட்கள் மண்வெட்டியோடு வருகிறார்கள்.

உங்கள் கேள்விக்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்; இத்தனை நாள் தள்ளிப்போட்டது சரியில்லை. கையெழுத்துப் போட்டுவிடுங்கள். இந்த ஊர் ஏற்கனவே ஒருமுறை உங்கள் வேலையைப் பறித்து, ஒரு வருஷம் போய்வருகிறேன் என்று சொல்லிக் கிளம்ப வைத்தது. ஒரு வருஷம் ஒன்பது ஆயிற்று. நீங்கள் அங்கே பழகிவிட்டீர்கள். நானும் இங்கே தனியாகப் பழகிவிட்டேன். இங்கே இடம் இருக்கிறது என்று நம்பி யாராவது வந்தால் என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டேன். மூன்று வருஷம் என்பது பெரிய காலமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேதநாயகி


தூத்துக்குடி
14 மே 2025

அன்பு வேதாவுக்கு,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. வரப்பில் நின்றுகொண்டே படித்தேன். கேசரி இல்லாததால் இங்கே எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன்.

இதை உடனே ஸ்பீட் போஸ்டில் அனுப்பக் காரணம் இருக்கிறது. இந்த வாரத்துக்குள் குழி காலியாகிவிடும். பதறிவிடாதே. இந்தக் குஞ்சுகள் கூட்டில் உட்கார்ந்து வளர்கிற ஜாதி இல்லை. பிறந்த இரண்டாம் மூன்றாம் நாளே எழுந்து நடந்துபோய்விடும். குழாய் நிழலோ, கல் மறைவோ, எங்கேயாவது தனித்தனியாகப் படுத்துக்கொள்ளும். பறக்க இன்னும் மூன்று வாரத்துக்குக் குறையாது. அதுவரை உன் மாடி முழுக்க அதற்கு வீடுதான்.

முக்கியமான விஷயம் இது. தேடாதே. மேலே பெரியவை கத்துவது அழுகை இல்லை, கட்டளை: படு, அசையாதே. நீ மாடியில் நிற்கும் வரை அந்தக் கட்டளை நிற்காது. கட்டளை நிற்கும் வரை குஞ்சு கல். கையில் எடுக்கும் தூரத்தில் இருந்தாலும் உனக்குத் தெரியாது. நீ எவ்வளவு கவனமாகத் தேடுகிறாயோ அவ்வளவு நிச்சயமாக அது அங்கே இருக்காது. நடந்து தேடினால் மிதிபடும் ஆபத்தும் உண்டு.

இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி: ஒளிந்து உட்கார். பெரியவை உன்னை மறக்க வேண்டும். பிறகு மீன் எங்கே இறங்குகிறது என்று மட்டும் பார். வாயில் மீனோடு வருகிற பறவை வெறும் தரைக்குக் கொண்டுவராது.

என் கேள்விக்கு அவசரமில்லை. குஞ்சு பறக்கட்டும்.

உன்
ரங்கநாதன்


எலெக்ட்ரானிக் சிட்டி
17 மே 2025, சனி மாலை

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் இன்று வந்தது. நான் வியாழக்கிழமை எழுதியது இதற்குள் உங்கள் கைக்கு வந்திருக்கும். இரண்டும் வழியில் எங்கோ ஒன்றை ஒன்று கடந்திருக்கின்றன. அதைப் பற்றி நாளை எழுதுகிறேன். இப்போது எனக்கு மாடியைத் தவிர எதுவும் ஓடவில்லை.

வரிசை வரிசையாக நடந்தேன் என்று எழுதினேனே. ஒரு மூலையையும் விடவில்லை என்றும் எழுதினேன். என் ஷூவின் அடிப்பாகத்தை இப்போது விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பது எதையும் நிரூபிக்காது என்று இந்த வாரம் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

உடனே சுதீருக்குப் போன் செய்து, வேலையை நிறுத்துங்கள், நான் எழுதிக் கொடுத்தது தவறு என்றேன். ‘தவறு’ என்று இதற்கு முன் நான் அந்தத் தொழிற்சாலையில் சொன்னதில்லை. அவர் விடவில்லை.

“நீங்களே கையெழுத்து போட்டீங்க மேடம். காலைல ஆளுங்க வராங்க. குஞ்சு இருக்குன்னு கண்ணுல காட்டுங்க, நிறுத்தறேன். யாரோ லெட்டர் போட்டாங்கன்னு நான் மேல எப்படி சொல்லட்டும்?”

“யாரோ இல்லை. என் வீட்டுக்காரர்” என்றேன்.

அந்த வார்த்தையை நான் அவரிடம் சொன்னதும் அதுவே முதல் தடவையாக இருக்கும். காலையில் தானே வருவதாகச் சொன்னார். குணசேகரும் வருகிறார். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் கூட்டமே இருக்காது மேடம், சும்மா படுத்துனு வரலாம் என்று சமாதானம் சொன்னார்.

ஆட்கள் மேலே ஏறுவதற்குள் ஒரு பறவை மீனோடு ஓர் இடத்தில் இறங்க வேண்டும். அவ்வளவுதான். இறங்கவில்லை என்றால் நான் வழி மறித்து நிற்க எந்தக் காரணமும் என்னிடம் இல்லை. இந்தக் கடிதத்தை முடிக்காமல் வைக்கிறேன்.


18 மே, ஞாயிறு மதியம்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விடிந்ததும் போய்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்தோம். முன்னால் ஒரு பழைய தார்ப்பாயைக் குணசேகர் கட்டி, பார்க்க மூன்று ஓட்டை போட்டிருந்தார். சுதீர் வெள்ளைச் சட்டையோடு வந்து, அழுக்குத் தரையைப் பார்த்து, பெருமூச்சுவிட்டு உட்கார்ந்தார். பறவைகள் வெகுநேரம் எங்கள் மேல் கத்தின. பிறகு குறைந்தது. பிறகு நின்றது. நாங்கள் அங்கே இல்லை என்று ஆனோம்.

ஒரு பறவை ஏரியிலிருந்து வந்தது. அலகில் மீன். மாடியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அந்த மீனைத் தானே விழுங்கிவிட்டுப் போனது. சுதீர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

கீழே வண்டி வந்து நின்ற சத்தம். மண்வெட்டிகளை இறக்கும் சத்தம். யாரோ படியேறி வந்து கதவைத் தட்டி, “சார், ஆரம்பிக்கலாமா?” என்றார். குணசேகர் தவழ்ந்தே போய், கதவிடுக்கில் வாயை வைத்து, “இர்ரா டேய், பிரசவம் நடக்குது” என்றார். அந்த ஆள் மறுபேச்சுப் பேசாமல் இறங்கிப் போய்விட்டார்.

அப்போது இன்னொரு பறவை வந்தது. மீன். சுற்றவில்லை. காற்றுப் பெட்டிக்கு இந்தப் பக்கம், நான் வியாழக்கிழமை இரண்டு தடவை கடந்துபோன இடத்தில் இறங்கி, கழுத்தை நீட்டி, மெல்லிய குரலில் ஏதோ சொன்னது.

ஒரு கல் எழுந்து நின்று வாயைத் திறந்தது.

“நோடி மேடம்” என்றார் சுதீர், பாருங்கள் என்று. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். “கல்லு மேடம். அது கல்லு.” என் முழங்கையைப் பிடித்திருந்தார், பிடித்திருப்பது அவருக்கே தெரியவில்லை.

ஆனால் அது ஒன்றுதான். இன்னொன்றுக்காகக் காத்திருந்தோம். இந்த முறை யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒருவேளை என் ஷூ, ஒருவேளை காகம் என்று மனசு இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருந்தது. அடுத்த மீன் மழைநீர்க் குழாயின் வாய்க்கு அருகே இறங்கியது. நிழலிலிருந்து இரண்டாவது கல் ஓடிவந்தது. ஓடிவந்த வேகத்தில் தடுக்கி விழுந்து, எழுந்து, மீனைப் பறித்துக்கொண்டது. குணசேகர் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

சுதீர் இறங்கிப் போய் ஆட்களை அனுப்பிவிட்டார். ஜூன் பாதிக்குப் பிறகு வாருங்கள் என்று அவர் சொன்னது மாடி வரை கேட்டது. ஏன் என்று கேட்டவரிடம், “மேல குழந்தைங்க இருக்கு” என்றார்.

அதற்குப் பிறகு உங்களுக்குப் போன் செய்தேன். கேஸும் இல்லை, கரண்ட் பில்லும் இல்லை. போனில் பேசியதை எழுத்தில் வைப்பது என் வேலைப் பழக்கம், தவறிருந்தால் திருத்துங்கள்.

முதலில் குஞ்சு என்றேன். இரண்டு என்றேன். மூக்கை உறிஞ்சினீர்கள், ஜலதோஷம் என்றீர்கள். வியாழக்கிழமைக் கடிதம் வந்ததா என்று கேட்டேன். நேற்றே வந்தது, என் ஸ்பீட் போஸ்ட் அதற்குள் உன் கையில் இருக்கும் என்று இருந்தேன் என்றீர்கள். கையெழுத்துப் போட்டாயிற்றா என்று கேட்டேன்.

“போடல” என்றீர்கள்.

“நான்தான் போடச் சொல்லியிருந்தேனே?”

“கூடு காலின்னு எழுதியிருந்தே. அதை நான் நம்பல. அதே கடிதாசில இருந்த மிச்சத்தை மட்டும் எப்படி நம்பறது?”

ஒரே பார்வையில் எடுத்த இரண்டு முடிவு. ஒன்று தப்பு என்றால் இன்னொன்றையும் மறுபடி பார்க்க வேண்டும். என் கீழே வேலை செய்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

“வாங்க” என்றேன்.

“பார்க்கவா, இருக்கவா?” என்று கேட்டீர்கள்.

மாடியில் அந்த நேரம் மறுபடி ஒரு மீன் இறங்கியது. நான் அதைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன், ஆனால் தெளிவாகத்தான் சொன்னேன். “இருக்கத்தான்.”

நீங்கள் போனை வைக்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. அதன் ஒரு சக்கரம் இன்னும் கிறீச்சிடுகிறது.

வேதநாயகி